பறிபோனது ஒரு கிக்

கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் கான்பெராவுக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள் ஆகின்றன. அலுவலகத்தில் ரக்பி லீக் பேச்சு எடுத்தாலே யாராவது ஒருவர் 2019 இறுதிப் போட்டியை இழுத்துவிடுகிறார். "சிக்ஸ் அகெய்ன்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் தலையில் கை வைத்துக்கொள்கிறார்கள். நடுவர் நிஜமாகவே தவறு செய்தாரா, இல்லை தோற்ற வயிற்றெரிச்சலில் பேசுகிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முடிவு தவறா? முடிவைச் சொன்ன விதம் தவறா? அதனால்தான் தோற்றார்களா? உங்கள் சக ஊழியர்கள் மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிறார்கள், அதனால்தான் வாதம் முடிவதே இல்லை. முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கு ஆமாம் என்பேன். மூன்றாவதில்தான் சிக்கல்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். சிட்னியின் மேற்குப் பகுதியில் 11 ஆண்டுகளாகச் சிறுவர் போட்டிகளுக்கு நடுவராக இருக்கிறேன். சனிக்கிழமை காலை, ஈரப்புல், விசில், கோட்டுக்கு வெளியே கையில் காபியுடன் கத்தும் அப்பாக்கள். அவ்வளவுதான் என் அனுபவம். 80,000 பேர் முன்னால் நான் நின்றதில்லை, காதில் நான்கு பேர் பேசும் கருவியோடு ஓடியதும் இல்லை. ஆகவே விதியையும் சைகையையும் பற்றி உறுதியாகப் பேசுவேன். அந்த மைதானத்தின் அழுத்தம் எப்படி இருந்திருக்கும் என்பது எனக்கும் ஊகம்தான்.

விளையாட்டுக்குப் புதியவர் என்றால் ஒரு விஷயம் மட்டும் தெரிந்தால் போதும். பந்து வைத்திருக்கும் அணிக்கு ஆறு டாக்கிள். ஆறாவது முறை மடக்கப்பட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். கபடியில் பாடிப் போகிறவருக்கு மூச்சு எப்படியோ, இங்கே அந்த எண்ணிக்கை அப்படி. ஆரம்பத்தில் இந்தக் கட்டுப்பாடே கிடையாது. ஒரே அணி பந்தை வைத்துக்கொண்டு முட்டிக்கொண்டே இருக்கலாம். 1960களில் நான்கு என்று ஆக்கினார்கள், 1971இல் ஆஸ்திரேலியாவில் அது ஆறானது. ஐந்து முடிந்ததும் நடுவர் "லாஸ்ட்" என்று கத்தி கையை நேராக உயர்த்துவார். அந்தக் கடைசி வாய்ப்பில் எந்த அணியும் சும்மா போய் மடங்காது, பந்தை உதைத்துவிடும். உயரமாக உதைத்து எதிரியின் தலைக்கு மேல் போட்டி போடலாம், தரையோடு உருட்டி அவர்களுடைய கோல் கோட்டுக்குப் பின்னால் அவர்களை அடைக்கலாம், சமநிலையில் இருந்தால் கம்பங்களுக்கு நடுவே உதைத்து ஒரு ஃபீல்டு கோல் அடித்து ஒரு புள்ளி எடுக்கலாம். எண்ணிக்கை நடக்கும்போது எதிரணி ஆள் பந்தை வேண்டுமென்றே தொட்டுவிட்டால் நடுவர் தலைக்கு மேல் கையை ஆட்டி மறுபடியும் ஆறு என்பார். அதுதான் சிக்ஸ் அகெய்ன்.

இப்போது அந்த இரவு. 2019 அக்டோபர் 6, சிட்னி ஒலிம்பிக் பூங்காவின் பெரிய மைதானம், 82,922 பேர். 1994க்குப் பிறகு கான்பெரா ரெய்டர்ஸ் இறுதிக்கு வந்தது அதுதான் முதல் முறை. எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன் சிட்னி ரூஸ்டர்ஸ். மைதானத்தில் இரண்டு நடுவர்கள்: முதன்மை பென் கம்மின்ஸ், துணைக்கு ஜெரார்ட் சட்டன். 70 நிமிடம் தாண்டியும் 8க்கு 8. ரூஸ்டர்ஸ் பாதியில் கான்பெரா கடைசி டாக்கிளில் பந்தை உயரே உதைக்கிறது. வானத்திலிருந்து வந்த பந்துக்கு இரு தரப்பும் குதிக்கிறார்கள், பந்து யார் மேலோ பட்டுத் திரும்பி வருகிறது, கான்பெராவே எடுத்துவிடுகிறது. கம்மின்ஸ் கையைத் தலைக்கு மேல் ஆட்டுகிறார்: மறுபடி ஆறு. சில விநாடிகளில் சக நடுவர்களின் குரல் காதில் வர, மாற்றிக்கொண்டு "லாஸ்ட், லாஸ்ட்" என்று கத்துகிறார். அதற்குள் ஜாக் வைட்டன் பந்தோடு டாக்கிளுக்குள் போய்விட்டார். அவர் கணக்கில் அது முதல் டாக்கிள், நடுவர் கணக்கில் கடைசி. பந்து ரூஸ்டர்ஸுக்கு. அவர்களுடைய அடுத்த ஓட்டத்திலேயே லாட்ரெல் மிட்செல் இடது ஓரத்தில் டேனியல் டுப்போவுக்குத் தர, டுப்போ உள்ளே திருப்பித் தர, ஜேம்ஸ் டெடெஸ்கோ டிரை போட்டார், அதாவது எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தார். ஆட்டம் 14க்கு 8 என்று முடிந்தது.

முடிவு சரியா? சரிதான். மறுஒளிபரப்பில் பந்து பட்டது கான்பெரா வீரர் மேல். எதிரணி பந்தை விளையாடவில்லை என்றால் எண்ணிக்கை புதிதாகத் தொடங்காது. லீக்கின் கால்பந்து நிர்வாகத் தலைவராக இருந்த கிரஹாம் ஆன்ஸ்லியும் அப்புறம் அதையே சொன்னார்: இறுதி முடிவு சரியானது, தவறான சைகையை அப்படியே விட்டிருந்தால்தான் பெரிய பிழை. விதிப்புத்தகத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் மறுத்துச் சொல்ல இடமில்லை. தவறான ஆறு டாக்கிளில் கான்பெரா வென்றிருந்தால் இன்று இதே புலம்பல் ரூஸ்டர்ஸ் ரசிகர்கள் இருக்கும் போண்டாய் பக்கம் கேட்டிருக்கும்.

ஆனால் இந்த அதிகாரபூர்வமான பதில் எனக்கு ஒருபோதும் திருப்தி தந்ததில்லை. நடுவரின் கையை அது ஒரு கருத்து போலப் பார்க்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் வீரருக்கு அந்தக் கை கட்டளை. கை ஆடினால் மோதலாம், கை நேராக நின்றால் உதைக்க வேண்டும். வைட்டன் மோதினார், ஏனென்றால் அவருக்குச் சொல்லப்பட்டது அது. கடைசி டாக்கிள் என்று தெரிந்திருந்தால் உலகத்தில் எந்த ஃபைவ்-எய்ட்டும் (வைட்டன் ஆடும் இடத்தின் பெயர் அது) அந்த இடத்தில் சும்மா மடங்கியிருக்க மாட்டார். அதனால் கான்பெராவிடமிருந்து ஆறு டாக்கிளைப் பிடுங்கிவிட்டார்கள் என்று உங்கள் நண்பர்கள் சொல்வதை நான் ஏற்க மாட்டேன். அந்த ஆறும் அவர்களுக்குச் சேர வேண்டியவையே இல்லை. பறிபோனது ஒரு கிக். அந்த ஒரு கிக் அவர்களுக்கு முழு உரிமையோடு சேர வேண்டியது. மோசமான கிக்காக இருந்திருந்தால்கூட ரூஸ்டர்ஸ் இன்னும் பின்னால், இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டு தொடங்கியிருக்கும்.

கிரிக்கெட் பார்ப்பவர் என்றால் இது உடனே புரியும். எல்பிடபிள்யூ என்று அம்பயர் விரலைத் தூக்குகிறார், பந்து காலில் பட்டு எல்லைக்கு ஓடுகிறது, பேட்ஸ்மேன் ரிவ்யூ கேட்டு அவுட் இல்லை என்று ஆகிறது. ஆனால் அந்த நான்கு ரன் கிடைக்காது, விரல் எழுந்த கணமே பந்து செத்துவிட்டது. முடிவைத் திருத்தலாம், முடிவு தவறாக இருந்த அந்தச் சில விநாடிகளில் நடக்காமல் போனதைத் திருப்பித் தர முடியாது. கம்மின்ஸ் திருத்தியது முடிவை. வைட்டனின் கிக்கை யாராலும் திருத்த முடியவில்லை.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. நான் விரலை மடக்கிக் கணக்கு வைப்பவன். சில வருடங்களுக்கு முன் 13 வயதுக்குட்பட்டோர் ஆட்டம் ஒன்றில், நடுவில் ஒரு பையனுக்கு மூக்கில் ரத்தம் வந்து ஆட்டம் நின்று தொடங்கியதில் கணக்கு ஒன்று கூடிவிட்டது. நான்காவது டாக்கிள் முடிந்ததுமே கையை உயர்த்திவிட்டேன். பையன் உதைத்தான், எதிரணி பிடித்தது, அந்த ஓட்டத்தின் முடிவில் டிரை. ஆட்டம் முடிந்து கை கொடுக்க வந்தபோது அந்தப் பையன் மரியாதையாகச் சொன்னான், தன் கணக்கில் நாலுதான் ஆகியிருந்ததாம், ஆனால் என் கை மேலே இருந்ததால் உதைத்தானாம். அவன் கணக்கு சரி. தன் கணக்கைவிட என் கையை நம்பினான். அவன் அப்பா கார் நிறுத்துமிடத்தில் சொன்னவை எல்லாம் மறந்துவிட்டன, இது மறக்கவில்லை.

அப்படியானால் கம்மின்ஸ் என்ன செய்திருக்கலாம்? சிறுவர் ஆட்டத்தில் நான் விசில் அடித்து நிறுத்தி, தவறு என்னுடையது என்று இரு கேப்டன்களிடமும் சொல்லி, கடைசி டாக்கிளை மறுபடி ஆடச் சொல்வேன். அங்கே யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். இறுதிப் போட்டியில், 8க்கு 8இல், தடுப்பு வரிசையைச் சரிசெய்துகொள்ள ரூஸ்டர்ஸுக்கு நேரம் கொடுத்து ஆட்டத்தை நிறுத்தினால் கான்பெராவே கத்தியிருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. என்னளவில் நிறுத்தியிருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன், ஆனால் இது என் கருத்து; இரண்டு விநாடியில் முடிவெடுத்தவரை ஐந்து முறை காணொளி பார்த்த நான் திட்டுவது எளிது.

அந்த ஆட்டத்தில் இன்னொன்றையும் உங்கள் நண்பர்கள் சொல்லியிருப்பார்கள்: தொடக்க நிமிடங்களில் லூக் கியரியின் கிக்கை சையா சொலியோலா பாய்ந்து தடுக்க, பந்து திரும்பிப் போய் மைதானத்துக்குள் நின்ற ரூஸ்டர்ஸ் உதவியாளர் ஒருவர் மேல் பட்டது. கான்பெரா ஆள் எடுத்து ஓடியிருக்கக்கூடிய பந்து. ஆனால் ஸ்க்ரம் (இரு அணியும் கூடி முட்டி ஆட்டத்தை மறுபடி தொடங்குவது), பந்து ரூஸ்டர்ஸுக்கு. சில நிமிடங்களில் சாம் வெரில்ஸ் முதல் டிரை போட்டார். இதில் நடுவர் மேல் பழி போட முடியாது, அவர் அன்றிருந்த விதியைத்தான் நடத்தினார். பழி விதியின் மேல். தன் ஆளே குறுக்கே நின்றதற்கு ஒரு அணி லாபம் அடைவது எந்தத் தெருவிளையாட்டிலும் செல்லாது. சொல்லப்போனால் சிக்ஸ் அகெய்னைவிட இதுதான் எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிகிறது. ஆனால் இதைப் பற்றி யாரும் டி-ஷர்ட் அச்சடிப்பதில்லை. 3வது நிமிடத்துத் தவறுக்குக் குறைந்த ஞாபகம், 72வது நிமிடத்துக்கு நீண்ட ஞாபகம். புள்ளிப்பலகை இரண்டையும் ஒன்றாகத்தான் கூட்டுகிறது.

சரி, மூன்றாவது கேள்வி. அதனால்தான் தோற்றார்களா? இங்கே உறுதி போய்விடுகிறது. கிக் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் சொல்லக்கூடியது ஒன்று இருக்கிறது. இரண்டாம் பாதியில் ரூஸ்டர்ஸின் கூப்பர் கிராங்க், பந்து கைக்கு வருமுன்பே ஜாஷ் பாப்பாலீயைப் பிடித்துவிட்டதால் 10 நிமிடம் வெளியே அனுப்பப்பட்டார். அது அவருடைய கடைசி ஆட்டம் வேறு. பெரிய ஆட்டத்தில் அந்த முடிவை எடுக்கத் துணிச்சல் வேண்டும், எடுத்தது இதே நடுவர் குழுதான். 13 பேருக்கு எதிரே 12 பேர் நின்ற அந்த 10 நிமிடத்தில் கான்பெராவால் ஒரு டிரைகூடப் போட முடியவில்லை. முழு ஆட்டத்திலும் அவர்கள் போட்டது ஒன்றே ஒன்று, முதல் பாதியில் வைட்டன் போட்டது. தோற்ற அணியில் இருந்தும் ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான கிளைவ் சர்ச்சில் பதக்கம் அவருக்கே கிடைத்தது, அது வேறு கதை.

தவறுகள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை என்பதற்கு வேறு இரண்டு தோல்விகளைச் சொல்கிறேன். 2013 செப்டம்பரில் நார்த் குவீன்ஸ்லாந்து கௌபாய்ஸ், க்ரோனுல்லா ஷார்க்ஸிடம் 18க்கு 20 என்று தோற்று வெளியேறியது. க்ரோனுல்லாவின் ஒரு டிரையை பியூ ரயன் போட்டது ஏழாவது டாக்கிளில். ஏழு! இதில் விவாதத்துக்கு எதுவும் இல்லை, கோணம் இல்லை, கருத்து இல்லை. எண்ணத் தவறிவிட்டார்கள். நிர்வாகமும் ஒப்புக்கொண்டது. அந்த ஊர்க்காரர் ஒருவர் இன்றும் கோபப்பட்டால் நான் வாயை மூடிக்கொள்வேன்.

2017 உலகக் கோப்பை அரையிறுதி வேறு மாதிரி. ஆக்லாந்தில் டோங்காவும் இங்கிலாந்தும். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்கும்போது இங்கிலாந்து 20க்கு 0. அப்புறம் டோங்கா அடுத்தடுத்து மூன்று டிரை போட்டு 18க்கு வந்துவிட்டது. கடைசி விநாடிகளில் டோங்காவின் ஆண்ட்ரூ ஃபிஃபிடா கோல் கோட்டை நோக்கிப் போகும்போது பின்னாலிருந்து எலியட் வைட்ஹெட் பிடிக்க, பந்து நழுவுகிறது, ஃபிஃபிடா மறுபடி எடுத்துப் போடுகிறார். நடுவர் மேட் செச்சின் பந்து முன்னால் நழுவிவிட்டது என்று நிறுத்தினார், காணொளி நடுவரிடம் கேட்கவில்லை. டோங்கா மக்கள் ஆக்லாந்துத் தெருக்களில் திரண்டார்கள், மனு எழுதினார்கள். பந்து தானாக நழுவியதா, எதிரியின் கை தட்டிவிட்டதா என்பதில் நான் எத்தனை முறை பார்த்தாலும் நழுவியது என்ற பக்கமே சாய்கிறேன், ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன். உறுதியாகச் சொல்வது இது: அவர் கேட்டிருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடம் செலவழித்திருந்தால் பதில் அதுவாகவே இருந்தாலும் அத்தனை பேர் தெருவுக்கு வந்திருக்க மாட்டார்கள். செச்சினுக்குக் கொலை மிரட்டல்கள் வந்ததாகப் பின்னர் செய்தி வந்தது. 2013இன் அந்த ஏழாவது டாக்கிளிலும் மைதானத்தில் இருந்தவர் அவர். ஒரு மனிதனுக்கு இது கொஞ்சம் அதிகம்.

இன்னொரு வகைக் கூச்சல் இருக்கிறது, பெரும்பாலும் ரசிகர்களே தவறாக இருக்கும் இடம். முன்னோக்கிய பாஸ். விதிப்படி பந்தைக் கையிலிருந்து பின்னோக்கி எறிய வேண்டும். தரையில் அது எங்கே போய்ச் சேருகிறது என்பது கணக்கில் இல்லை. விநாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடுபவர் 3 மீட்டர் வேகத்தில் பின்னால் எறிந்தால் பந்து தரையைப் பொறுத்தவரை 5 மீட்டர் வேகத்தில் முன்னால்தான் போகும். அரை விநாடியில் புல்லில் இரண்டரை மீட்டர் முன்னேறியிருக்கும். எறிந்தவர் அதற்குள் நான்கு மீட்டர் ஓடியிருப்பார், ஆகவே பந்து அவருக்குப் பின்னால்தான். ஓடும் ரயிலில் பந்தைப் பின்சீட்டுக்காரருக்குத் தட்டிவிடுவதை நடைமேடையில் நிற்பவர் பார்ப்பது போல. ஆனால் எறிந்தவரை அந்த நொடியே எதிராளி சாய்த்துவிட்டால், அவர் நின்றுவிடுகிறார், பந்து மட்டும் போகிறது. தொலைக்காட்சியில் மைதானக் கோடுகளை வைத்துப் பார்ப்பவருக்கு அப்பட்டமான தவறாகத் தெரியும். 2016இல் சிட்னியில் தொடங்கிய, பங்கர் என்று அழைக்கப்படும் மையக் காணொளி அறையிலிருந்து முன்னோக்கிய பாஸ் பற்றி முடிவு சொல்லாமல் விட்டதற்குக் காரணமும் இந்தக் கோணத் தகராறுதான்.

நடுவர்கள் சிட்னி அணிகளுக்குச் சாதகம் என்று யாராவது சொன்னால்? கூட்டத்தின் சத்தம் நடுவரைப் பாதிக்கும் என்பதற்கு ஆய்வு உண்டு. 2002இல் வெளியான ஒன்றில் கால்பந்து நடுவர்களுக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைச் சத்தத்தோடும் சத்தமில்லாமலும் காட்டினார்கள். சத்தம் கேட்டவர்கள் சொந்த ஊர் அணிக்கு எதிராகக் குறைவாகவே ஃபவுல் கொடுத்தார்கள். ஆனால் அது கால்பந்து, அதுவும் திரையில் பார்த்தது. அதை வைத்து 2019 அக்டோபர் 6 இரவைப் பற்றி எதுவும் நிரூபிக்க முடியாது. சதி என்பதற்கு அந்த ஆட்டத்தில் நான் எந்த அடையாளத்தையும் காணவில்லை. ரூஸ்டர்ஸுக்கு உதவ நினைக்கிறவர் கிராங்க்கை வெளியே அனுப்புவாரா?

அடுத்த ஆண்டே நிறைய மாறியது. 2020 மே மாதம் கொரோனா இடைவெளிக்குப் பிறகு ஆட்டம் திரும்பியபோது இரண்டு நடுவர்கள் ஒருவரானார்கள். கேப்டன் முறையிடும் வசதியும் அந்த ஆண்டுதான் வந்தது. கேலி என்னவென்றால், 2019இல் அது இருந்திருந்தாலும் கான்பெராவுக்கு உதவியிருக்காது. முறையிட்டால் காணொளி பார்த்து, முடிவு சரி என்றே சொல்லியிருப்பார்கள். கையைப் பற்றி முறையிட வழி இல்லை.

அவர்களிடம் என்ன சொல்வது என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். உங்கள் கிக்கைப் பறித்துவிட்டார்கள் என்று சொல்லுங்கள், உடனே நண்பராகிவிடுவீர்கள். கிராங்க் வெளியே இருந்த அந்த 10 நிமிடத்தை மட்டும் நீங்களாக எடுக்காதீர்கள். என் அனுபவத்தில், இரண்டாவது பியர் முடிவதற்குள் அவர்களே எடுத்துவிடுவார்கள்.